கோமளவல்லியின் கை

ஆவக்காய் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காத மனுஷனுக்குப் பிரஷர் வந்தால் என்ன செய்வான்? நம்ம பாலசுப்பிரமணியன் செய்ததைத்தான் செய்வான்.

திருத்தணி பஜாரில் லுங்கிக் கடை வைத்திருக்கிறார். சென்னை ஆஸ்பத்திரி ஒன்று மாத்திரை கொடுத்து, ஷோபனா என்கிற நர்ஸையும் போனிலேயே கவனிக்கப் போட்டிருந்தது. தினமும் காலையில் அஞ்சு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்து, மெஷினைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். முதல் நாளே நூற்று அறுபத்தெட்டு. "ஊறுகாய்ப் பக்கமே போகக் கூடாதுங்க ஐயா" என்றாள் ஷோபனா. போயும் போயும் ஆவக்காயிலா கை வைப்பாள்!

மெஷின்தான் கோளாறு என்று மறுநாள் சம்சாரம் கோமளவல்லி கையில் சுற்றிப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டு. அட! சும்மா இருக்க மாட்டாமல் அந்தப் போட்டோவை அனுப்பித் தொலைத்தார். "சூப்பர் ஐயா!" என்று பதில் வந்தது. மனுஷருக்கு வாயெல்லாம் பல். மத்தியானம் ரெண்டு துண்டு கூடுதலாக இறங்கியது.

அப்புறம் தினமும் அந்தக் கைதான். அதைக் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டாமா? காலைச் சண்டையை விட்டார். தண்ணீர்க் குடத்தைத் தானே தூக்கினார். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கல்லாவைத் தவிர வேறெதன் பக்கத்திலும் அவர் அப்படி உட்கார்ந்தவரில்லை.

"இன்னா பாவா, புதுசா என்மேல இவ்ளோ அக்கறை?" என்று பூரித்துப்போனாள் அவள்.

கோடை வெயில் ஏற ஏற அவள் நம்பரும் ஏறியது. ஷோபனா கேட்டபோதெல்லாம் ஏதோ சொல்லி மழுப்பினார். ஒருநாள் நூற்று எண்பத்திரண்டு. மறுபடி சுற்றினார், அதேதான். தன் கையில் சுற்றினால் வழக்கமான நூற்று அறுபது சொச்சம். மெஷினில் கோளாறு இல்லை.

"ரெண்டு நாளா தல சுத்திகினே இருக்குது பாவா. வெயில்னு வுட்டுட்டேன்."

பழைய போட்டோ ஒன்றை அனுப்பினால் மானமும் தப்பும், ஆவக்காயும் தப்பும். ஆனால் இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போனைப் போட்டார்.

"நூத்தி எம்பத்திரெண்டு சிஸ்டர். எனக்கில்ல, என் சம்சாரத்துக்கு. இத்தினி நாளா அனுப்புனதும் அவ கையிதான்."

"மொதல்ல அம்மாவப் பாக்கலாம். நெஞ்சு வலிக்குதா? கண்ணு மங்குதா? பேச்சு குழறுதா?"

"அதெல்லாம் இல்ல."

"சரி, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. உங்கள அப்புறம் கவனிக்கிறேன்."

ஆஸ்பத்திரியில் அவளுக்கும் மாத்திரை, அவளுக்கும் ஊறுகாய் கூடாது. திரும்பி வரும்போது ஆட்டோவில்தான் கோமளவல்லி வாயைத் திறந்தாள். "அப்போ என்மேல இல்ல. என் கையிமேலதான் அக்கறை."

அவருக்கு வெட்கமாக இருந்தது. சாயங்காலம் ஆவக்காய் ஜாடியைத் தானே தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டு ஹேமாவதியிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை மூலையில் உட்கார்ந்து தன் கையிலேயே பட்டையைக் கோணல்மாணலாகச் சுற்றிக்கொண்டிருந்தார். கோமளவல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, பட்டையைப் பிரித்துச் சரியாகச் சுற்றிவிட்டாள்.

"கோமளா, நான்..."

"பேசாத. நம்பர் ஏறிடும்."

அன்றைக்கு ஷோபனாவுக்கு ரெண்டு போட்டோ போனது. கடைச் சாவியை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தார்.

"மெஷினுக்கு அஞ்சு நிமிஷம் ஒக்காந்தே இல்ல?" என்றாள் அவள். "எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம் ஒக்காரு."

சாவியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். கடை அன்று நேரம் கழித்துத்தான் திறந்தது.