கைகளை எங்கே வைப்பது

ஒரு வருடமாக வேன்காரர் எந்தக் குழந்தையையும் தொடுவதில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனிதர். பதினான்கு பிள்ளைகளும் ‘வேன் மாமா, வேன் மாமா’ என்று உயிரை எடுக்கும். ஆனாலும் வண்டி நின்றதும் அவருடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேலேயே இருக்கும், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி. ஏற்றுவது, இறக்குவது, மூக்கைத் துடைப்பது எல்லாம் கூட வருகிற அக்காவின் பாடு. அந்த அக்கா பிள்ளைகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வாள், கன்னத்தைக் கிள்ளுவாள், அடம் பிடித்தால் முதுகில் ஒன்று வைக்கவும் செய்வாள். யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

எல்லாம் நெட்டையன் கதைக்குப் பிறகு வந்த பழக்கம். நெட்டையன் வேறொரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டியவன். அழுதுகொண்டிருந்த ஒரு பெண்குழந்தையை மடியில் உட்காரவைத்துச் சமாதானம் செய்திருக்கிறான். ஜன்னல் வழியாக யாரோ படம் பிடித்துவிட்டார்கள். அரைமணி நேரத்தில் தெருவே திரண்டு தர்ம அடி. வேன்காரரும் அந்த வீடியோவைப் பார்த்தார். அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள், ரத்தம் கொதித்தது. ‘இவனையெல்லாம் உயிரோட விடக்கூடாது’ என்று எழுதி நாலு பேருக்கு அனுப்பியும் வைத்தார். ஒரு வாரம் கழித்து அந்தக் குழந்தையே விஷயத்தைச் சொன்னது. பல் விழுந்து ரத்தம் வந்ததாம், பயந்து அழுததாம், மாமா வாயைத் துடைத்துவிட்டாராம். அந்தச் செய்தியை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. வேன்காரரும்தான் அனுப்பவில்லை. நெட்டையன் ஊரைவிட்டே போய்விட்டான்.

ஒருநாள் சாயங்காலம் வேன் அக்காவுக்குப் பல்வலியில் உயிர் போனது. கடைசிப் பிள்ளை ஒன்றுதான் பாக்கி, அதன் அம்மா எப்படியும் கேட்டிலேயே நிற்பாள் என்று சொல்லிவிட்டு வழியில் டாக்டர் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டாள். வேன்காரருக்கு மனசே இல்லை. ஆனால் கன்னம் வீங்கி நிற்கிறவளிடம் என்ன சொல்லித் தடுப்பது?

அந்தக் கடைசிப் பிள்ளைக்கு வேனில் வாலு என்று பெயர். ஐந்து வயது. வாய் ஓயாது. அடுக்குமாடி கேட்டில் வண்டி நின்றது. அம்மாவைக் காணோம். எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவள் தாமதித்ததில்லை. போன் செய்தால் அணைந்திருந்தது. பள்ளிக்கூட ஆபீசைக் கூப்பிட்டால் கொஞ்ச நேரம் பாருங்கள் என்றார்கள். அவர்களுக்கென்ன, நாற்காலியில் இருந்துகொண்டு சொல்லலாம்.

வேன்காரர் எல்லாக் கதவையும் விரியத் திறந்துவிட்டு, வண்டியைவிட்டு நாலடி தள்ளி வெயிலில் போய் நின்றார். சைக்கிளில் போன ஒருவன் வேகத்தைக் குறைத்து அவரையும் பார்த்தான், உள்ளே இருந்த பிள்ளையையும் பார்த்தான். சும்மாதான் பார்த்திருப்பான். வேன்காரர் இன்னும் நாலடி தள்ளிப் போனார்.

அப்போதுதான் வாலு ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“மாமா, ஒண்ணுக்கு வருது.”

“அம்மா இப்ப வந்துருவாங்கடா.”

“இப்பவே வருது மாமா. இடுப்பு பெல்ட்டக் கழட்டணும். அக்காதான் கழட்டும்.”

சொந்த மகளுக்கு எத்தனை தடவை செய்திருப்பார்! சுற்றிலும் பார்த்தார். ஒரு பெண்பிள்ளைகூடக் கண்ணில் படவில்லை. தெருமுனை திரும்பினால் துணி தேய்க்கிற அம்மா ஒருத்தி உண்டு, நூறடி தூரம். வாலுவை இறங்கச் சொன்னார். அவள் தானாகவே தத்தித் தத்தி இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேட்டுப் படியில் உட்காரச் சொல்லி, எழுந்திரிக்கவே கூடாது, மாமா ஆள் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினார்.

கையைப் பிடித்துக் கூடவே அழைத்துப் போயிருக்கலாம். புத்தி உள்ளவன் அதைத்தான் செய்வான். ஆனால் கையைப் பிடிக்க வேண்டுமே.

தேய்க்கிற அம்மா பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்ப இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அவளை முந்திக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது படியில் புத்தகப் பை மட்டும் இருந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில். வாலு இல்லை.

வேனுக்குள் பார்த்தார், வேனுக்கு அடியில் குனிந்து பார்த்தார். “வாலு, வாலு” என்று கத்திக்கொண்டே தெருவில் அங்குமிங்கும் ஓடினார். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் நீலச் சீருடை போட்ட பெண்குழந்தையைப் பார்த்தீர்களா என்று கேட்டார். முதல் ஆள் இல்லையென்றான். இரண்டாவது ஆள் பதில் சொல்லாமல் அவரையே மேலும் கீழும் பார்த்தான். மூன்றாவது ஆள் பெயின்ட் கடைக்காரர், நல்ல வாட்டசாட்டம். அவர் வேன்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார்.

“பாப்பா உனக்கு யாரு?”

“நான் வேன் டிரைவருங்க.”

“அப்ப எதுக்கு அதத் தேடிக்கிட்டு ஓடுற? என்ன பண்ண?”

ஆள் சேர ஆரம்பித்தது. யாரோ போனை உயர்த்திப் பிடித்தார்கள். அந்தக் கண்ணாடி வட்டத்தைப் பார்த்ததும் வேன்காரருக்கு வீடியோவில் பார்த்த நெட்டையனின் உடைந்த மூக்கு ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு என்ன ஆனதோ என்று ஒரு பயம். தனக்கு என்ன ஆகுமோ என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம் முந்திக்கொண்டதே, அதை நினைத்து அவர் பின்னால் வெட்கப்பட்டார். அந்த நேரத்தில் வெட்கப்படவும் அவகாசமில்லை. பெயின்ட் கடைக்காரரின் மறு கை ஓங்கியாகிவிட்டது.

“அதோ பாப்பா,” என்றாள் பின்னால் ஓடிவந்த தேய்க்கிற அம்மா.

கேட்டுக்கு எதிர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு யாரோ ஒரு பெண் வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாலு, வாயில் பிஸ்கட். பிள்ளை படியில் நெளிந்துகொண்டிருந்ததாம், பாவமாக இருந்ததாம், உள்ளே கூட்டிப்போய்க் கழுவிவிட்டுக் கூட்டிவருகிறாளாம். வாலு அவளை இதற்குமுன் பார்த்ததே இல்லை. கூட்டம் வழிவிட்டது. நீ யார், யார் பிள்ளையை யாரைக் கேட்டு உள்ளே கூட்டிப்போனாய் என்று ஒரு வாய் கேட்கவில்லை. அவள்தான் வேன்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். பச்சைப்பிள்ளையை இப்படி நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போக மனசு எப்படி வந்தது என்றாள்.

“பயந்துட்டேம்மா,” என்றார் அவர்.

“எதுக்கு?”

அவர் சட்டை இன்னும் பெயின்ட் கடைக்காரர் பிடியில்தான் இருந்தது.

இதற்குள் வாலுவின் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். பஸ் வழியில் நின்றுவிட்டதாம். பெற்றவளுக்கு நேரத்துக்கு வரத் தெரியாதா என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. அப்பன்காரன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பெயின்ட் கடைக்காரர் அப்போதுதான் கையை எடுத்தார். சட்டையில் இரண்டு பொத்தான் போயிருந்தது.

வாலு அம்மாவிடம் போகவில்லை. பாதி பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு நேராக வேன் மாமாவிடம் ஓடிவந்தாள். வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

வேன்காரருடைய இரண்டு கையும் சட்டென்று தலைக்கு மேலே போய்விட்டன. போலீஸ்காரன் முன்னால் நிற்கிறவனைப் போல அப்படியே நின்றார். வாலு அண்ணாந்து பார்த்தாள். ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து அவளும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தாள்.

“கையக் கீழ போடுங்கண்ணே,” என்றாள் அம்மா. அவர் போடவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள்.

அவர் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை இன்னும் யாரும் இறக்கவில்லை.