சாப்பாட்டுக்கு முன் ஒரு ஊசி

எங்கள் விடுதியில் பட்டப்பெயர் வைக்கும் பொறுப்பு என்னுடையது. சாப்பாட்டு மணி அடித்ததும் கழிவறைக்கு ஓடும் அறைத்தோழனுக்கு ‘அவசரம்’ என்று வைத்தேன்.

“சாப்பிடறதுக்கு முன்னாடியே வயித்துல இடம் காலி பண்றான்டா, கெட்டிக்காரன்!”

சாப்பாட்டுக்கூடமே சிரித்தது. அவனும் சிரித்தான். மறுநாளிலிருந்து எங்களோடு நேராகப் பந்தியில் உட்கார்ந்தான். திருந்திவிட்டான் என்று கைதட்டினோம்.

நான்காம் நாள் வகுப்பில் வாந்தி எடுத்து, மூச்சிரைத்து, பெஞ்சிலேயே சரிந்தான்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார்: “சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு. இன்சுலின் போட்டுக்கிறவரா?”

இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

மாலையில் அவன் அம்மா வந்தார். “பத்து வயசுலேர்ந்து சர்க்கரைக்கு அவனே ஊசி போட்டுக்குவான்பா. யாரும் பாக்கக் கூடாதுன்னு தனியாப் போய்ப் போட்டுட்டு வந்துதான் சாப்பிடுவான். ஒரு வேளை விட்டதில்ல. இப்ப ஏன் விட்டான்?”

அவன் நினைவில்லாமல் கிடந்தான். பதில் சொல்ல நான்தான் இருந்தேன்.

“கழிவறைக்கு ஓடறான்னு நான் கிண்டல் பண்ணேம்மா. எல்லாரும் சிரிச்சாங்க.”

அவர் திட்டவில்லை. “கண்ணு முழிக்கட்டும். அவன்கிட்டயும் சொல்லு” என்று கட்டிலருகே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

மறுநாள் காலை கண் திறந்தான். பிழைத்துக்கொண்டான் என்றார் டாக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் ஊசியோடு வந்தார். அவன் போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டான்.

“கொஞ்சம் வெளிய இருடா” என்றான்.

எழுந்து போனேன்.