கானாத்துமேட்டுப் பயணி

கானாத்துமேடு ஹால்ட்டில் ரயில் சும்மா நிற்காது. ஏற ஆள் இருந்தால் ஏஜெண்ட் சாமுவேல் சிவப்புக் கொடி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆம்பூர்த் தோல்நாற்றத்தை இறைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே மாஸ்டர், கிளார்க், போர்ட்டர் எல்லாம் சாமுவேல்தான். பல நாள் கூட்டமும் அவரேதான்.

அந்த வாரம் பகல் பாசஞ்சர் இரண்டு தரம், அவர் கொடி காட்டாமலே நின்றது.

"இன்னா சாமுவேலு, வெளையாடறியா?" கார்டு ஜான் பாஷா இறங்கி வந்தார். "பெஞ்சாண்ட எவளோ செவப்பு முந்தானைய ஆட்டுறா. நின்னா ஆளக் காணோம். இன்னொரு தபா ஆளில்லாம நின்னா நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆவணும். உன் வேலை போய்டும்."

பெஞ்சில் யாருமில்லை. உச்சி வெயிலில் தண்டவாளம் கொதிக்க, அந்த மூலை மட்டும் ஈரத்துணி போல் சில்லென்றிருந்தது. பேய் கிடையாது என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொல்லியிருந்தார்கள்; மற்ற ஆறு நாளைப் பற்றி விவரம் இல்லை.

வண்டி போனதும், வேர்க்கடலை விற்கும் பக்ருன்னிசா கூடையைத் தள்ளி வைத்தாள். "அது அமிர்தவள்ளிண்ணே. தோல்ஷாப்புல, தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டை இடிச்சவ. போன வருசம் நெறமாசம், வலியோட வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவ வந்தா. உனக்கு முந்தி இருந்த ஆளு தூங்கிட்டான். முந்தானைய ஆட்டிப் பாத்தா, வண்டி நிக்கல. இங்கியே போய்ட்டா, வயித்துப் புள்ளையோட."

"வேலைக்கு வந்தப்பவே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா?"

"வந்த வண்டியிலேயே திரும்பியிருப்பேன்."

வீட்டில் ஐந்து வாய். பேயை விரட்ட சாமுவேலுக்குத் தெரியாது. தெரிந்தது டிக்கெட் கொடுப்பது. மறுநாள் தன் காசை டிக்கெட் கல்லாவில் போட்டு, வேலூருக்கு இறங்கும் காட்பாடிக்கு ஒரு டிக்கெட்டில் தேதி குத்தி, பெஞ்சில் வைத்தார். கொடியையும் அவரே காட்டினார்.

"ஆள் எங்க?" என்றார் ஜான் பாஷா.

"நெறமாசம், பாய். படி உசரம். கொஞ்சம் பொறுங்க." பெண்கள் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினார். "பாத்து ஏறும்மா."

குளிர்ந்த ஐந்து விரல்கள் அவர் மணிக்கட்டை இறுக்கின. யாரோ கனத்தை ஊன்றி ஏறினார்கள். படி கிறீச்சிட்டது. உள்ளே இருந்த பெண்கள், ஏனென்று தெரியாமலே, நகர்ந்து இடம் விட்டார்கள். பெஞ்சில் டிக்கெட் இல்லை. ஜான் பாஷா பச்சைக் கொடியை அசைத்தார்.

அப்புறம் பாசஞ்சர் தானாக நிற்கவில்லை. அடுத்த வாரம், காட்பாடியிலிருந்து வரும் சாயங்கால வண்டி கொடியில்லாமலே நின்றது. பெண்கள் பெட்டியின் கதவு தானே திறந்தது. மெல்லிய பிஞ்சு அழுகை ஒன்று படியிறங்கி, சாமுவேலை உரசிக்கொண்டு, வெளியே பாதையில் போய்த் தேய்ந்தது.

ஜான் பாஷா இறங்கி ஓடி வந்தார். "யா அல்லா... சாமுவேலு, டிக்கெட் எங்க? நான் இன்னான்னு எழுத?"

"தாய்க்கு நான் கட்டிடறேன், பாய்." மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். இன்னும் சில்லென்றிருந்தது. "கைக்கொழந்தைக்கு டிக்கெட் கெடையாதே."