கதவைச் சாத்தாத தையல்காரி

1.

இந்தக் கதை ஒரு ‘ச்’ எழுத்தில் பிறந்தது. காதலில் பிறந்தது, கண்ணீரில் பிறந்தது என்றால் உடனே தலையாட்டுவீர்கள். ஒற்றெழுத்தில் பிறந்தது என்றால் முகம் சுளிப்பீர்கள். போகட்டும், படியுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை பெய்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலருகே…’

(மழையும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம். நாவல் எழுதுகிற பெண் என்றால் ஜன்னலருகேதான் உட்கார வேண்டுமா என்ன? இவள் சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதுகிறவள்.)

2.

அவள் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். (அவளுக்கு ‘ள்’, அவருக்கு ‘ர்’ ஏன் என்று கேட்காதீர்கள். என் கைக்கும் பழக்கதோஷம் உண்டு.) மகா ஒற்றுப் பைத்தியம். சண்டை போட்ட ஒரு நாள் அவள் கைப்பேசியில் ‘என்னை கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்’ என்று அனுப்பினாள். ‘என்னைக் கேட்காமல்’ என்று பதில் வந்தது. அவ்வளவுதான் பதில்.

முடிக்காத அத்தியாயத்தை அவர் தொடக்கூடாது என்பது வீட்டு ஒப்பந்தம். முடித்ததும் அவள் கொடுப்பாள், அவர் திருத்துவார்.

அவள் நாவலில் ஒரு தையல்காரி. தையல்காரியின் கணவன் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, தங்கமானவன். ஆனால் கல்யாணமானதிலிருந்து ‘உனக்கு என்ன வேணும்?’ என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கடைசி அத்தியாயத்தில் தையல்காரி வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். நாவலே அதற்காகத்தான்.

3.

‘“போறேன்” என்றாள். கதவை சாத்திவிட்டு நடந்தாள்.’

இப்படித்தான் எழுதினாள். மறுநாள் கணினியைத் திறந்தால், ‘“போயிட்டு வரேன்” என்றாள்’ என்று இருந்தது. கை பழக்கத்தில் அடித்திருக்கும் என்று மாற்றினாள். மறுநாளும் தையல்காரி வரேன் என்றே சொன்னாள். எழுதுகிறவளுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, இவ நான் சொன்னா கேக்கவே மாட்டேங்கறா. கிளம்புடின்னா, வரேங்கறா!”

“உன் பாத்திரம் உன்னை மாதிரிதானடி இருக்கும்?” என்றாள் அக்கா. அவளுக்குச் சுருக்கென்றது.

(எழுதுகிற எங்களுக்கு இதில் ஒரு பெருமை. பெற்ற பிள்ளை சொல்பேச்சு கேட்காவிட்டால் தலையில் அடித்துக்கொள்வோம். பாத்திரம் கேட்காவிட்டால் மேடைபோட்டுச் சொல்வோம்.)

4.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வரி இப்படி இருந்தது: ‘“போயிட்டு வரேன்” என்றாள். கதவைச் சாத்தாமல் நடந்தாள்.’

அந்த ‘ச்’! அவள் ஆயுளில் தானாக ஒற்றுப் போட்டதில்லை. பக்கம் முழுக்க ஒற்றில்லாமல் மொட்டையாகத்தான் கிடந்தது. சொல்பேச்சு கேட்காத தையல்காரிக்கு இலக்கணம் மட்டும் எங்கிருந்து வந்தது?

அவர் அடுத்த அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏங்க, என் அத்தியாயத்தைத் தொட்டீங்களா?”

இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. “தப்பா இருந்துச்சு. திருத்தினேன்.”

“‘போறேன்’ல என்ன தப்பு?”

“வீட்டைவிட்டுக் கிளம்புறப்ப யாராவது அப்படிச் சொல்வாங்களா?”

“திரும்பி வராதவ சொல்வா.”

காலர் பொசுங்கும் வாடை வந்த பிறகுதான் பெட்டியை நிமிர்த்தினார்.

“அவன் இப்பக் கேட்டாக்கூடவா?” என்றார். “உனக்கு என்ன வேணும்னு?”

தையல்காரியின் கணவனைப் பற்றித்தான் கேட்டார். ஆனால் குரல் உடைந்துவிட்டது. அவளுக்கு இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறாரே என்று ஆத்திரம். அதையும் இன்னொருவன் பேரில் கேட்கிறாரே என்று அழுகை. கேட்டுவிட்டாரே என்று ஒரு சந்தோஷம்கூட.

“நாவல்ல அவ போயே ஆகணுங்க,” என்றாள். “அவ போனாத்தான்…”

5.

இந்த இடத்தில் என் கையையும் மீறிவிட்டாள். வாக்கியத்தை முடிக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன்; வாயைத் திறக்கவில்லை. சரி, நானே எழுதிப் பார்த்தேன்.

“அவ போனாத்தான் எனக்குப் போகத் தோணாது.”

“அவ போனாத்தான் எனக்கும் தைரியம் வரும்.”

இரண்டையும் சொல்லக்கூடியவள்தான். முதலாவதை எழுதினால், அவர்மேல் இரக்கப்பட்டு நான் பொய் சொன்னதுபோல இருக்கிறது. இரண்டாவதை எழுத மனசு வரவில்லை. பாவம், மனிதர் இப்போதுதான் கேட்கவே கற்றிருக்கிறார். மூன்றாவதாக ‘அவள் மெல்லச் சிரித்துவிட்டு…’

(சே, வேண்டாம். அது நழுவல்.)

எனக்குத் தெரியவில்லை. உங்களிடமே விட்டுவிடுகிறேன். அவர் பொசுங்கிய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நிற்கிறார். இரண்டில் எதைத் தேர்ந்தாலும், அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.