எல்லாமே வெள்ளை

சந்தையில் அவருக்குக் கறார் என்று பெயர். பூட்டு, கீல், கைப்பிடி எல்லாம் மொத்தமாக விற்கிறவர். எதிராளியின் வாயைக் கிண்டி விலையைப் பிடுங்குவாரே தவிர, தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தன் வாயால் சொல்லமாட்டார். நாக்கு வறண்டு கிடந்தாலும் தண்ணீர் விற்கிறவனிடம் "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அவசரம் தெரிந்துவிட்டால் ஆளை மொட்டையடித்துவிடுவார்கள் என்பது அவர் கல்லாவில் உட்கார்ந்து கற்ற பாடம்.

அப்படிப்பட்ட மனிதருக்கும் ஓர் அவசரம் வந்தது. மனைவிக்குப் பார்வை மங்கிக்கொண்டே போனது. கண் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "இருக்கற வரைக்கும் நல்லதா நாலு பார்க்கட்டும்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். திரும்பி வரும் வழியிலேயே கறார் தீர்மானித்துவிட்டார். கறுத்த மரக்கதவும் கறுப்புக் கல் சமையல் மேடையுமாகக் குகை போல இருந்த ஃபிளாட்டை வெளிச்சமாக்க வேண்டும். அவள் கண் கடைசியாகப் பார்ப்பது அழகான வீடாக இருக்க வேண்டும்.

வீட்டை மாற்றியமைக்க வந்த டிசைனர் பெண், உட்கார்ந்ததும் முதலில் கேட்டாள். "வீட்ல யார் யாரு சார்? எப்படிப் புழங்குவீங்க? ஏதாவது விசேஷத் தேவை இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"சாதாரணக் குடும்பம்மா. நான், அவ, பள்ளிக்கூடம் போற பொண்ணு. வெளிச்சமா, அமைதியா இருக்கணும். அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல."

மனைவி வண்ண அட்டையை மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"கண்ணாடிய எங்கயோ வச்சுட்டா," என்று கறார் முந்திக்கொண்டார். "வெள்ளையே போடும்மா."

டிசைனர் நல்ல வேலைக்காரி. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த இடைச்சுவரை எடுத்தாள். ஜன்னலைத் தரைவரை இறக்கினாள். சுவர், தரை, மேடை, அலமாரி எல்லாம் ஒரே பால் வெள்ளை. அலமாரிக்குக் கைப்பிடிகூடக் கிடையாது, தொட்டால் திறக்கும்.

"கைப்பிடி வித்துத்தாம்மா நான் இந்த ஃபிளாட்டையே வாங்கினேன்," என்றார் கறார்.

"அதான் சார், வீட்லயாவது அது உங்க கண்ணுல படாம இருக்கட்டுமேன்னு."

சிரித்துவிட்டார். வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. குடும்பம் அதுவரை வாடகை வீட்டில் இருந்தது. அங்கே மனைவி சுவரைத் தடவி நடக்கப் பழகிவிட்டாள். "புது இடம், அதான்" என்று அவள் சொன்னாள். அவரும் அதையே நம்பிக்கொண்டார்.

சாமான் வண்டி கீழே வந்து நின்ற காலையில் மனைவியைக் கைபிடித்து உள்ளே கூட்டி வந்தார். கூடமெங்கும் வெயில் கொட்டிக்கிடந்தது. டிசைனர் சாவியோடு நின்றிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கறார் மனைவியைக் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. இந்த ஜன்னல் எவ்வளவு பெருசு!"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை ஜன்னல் பக்கம் திருப்பக் கறார் கை நீட்டினார். அதற்குள் அவள், டிசைனர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கண்ணாடித் தம்ளரை மேடையில் வைத்தாள். மேடை அங்கே இல்லை, ஒரு சாண் தள்ளி இருந்தது. தம்ளர் தரையில் சிதறியது.

"நகராதீங்கக்கா!" என்று டிசைனர் ஓடிவந்தாள். குனிந்து சில்லுகளைப் பொறுக்கியவள் நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்த்தாள். "சார், அக்காவுக்குப் பார்வை..."

"கொறைஞ்சுகிட்டே வருது. ரொம்ப நாளா."

"ஏன் சார் சொல்லல? நான் கேட்டேனே!"

"அவசரம்னு தெரிஞ்சா நீ வெலைய ஏத்திடுவியோன்னு..." என்று இழுத்தார்.

டிசைனர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "வெள்ளை மேல வெள்ளை வச்சா அவங்களுக்கு ஓரமே தெரியாது சார். கதவு நிலை, மேடை விளிம்பு, சுவிட்சு எல்லாம் கறுப்பா இருந்திருக்கணும். உங்க பழைய வீடு அப்படித்தானே இருந்துச்சு? எல்லாத்தையும் நானே பேர்த்து எடுத்துட்டேனே."

குகை என்று அவர் ஏளனம் செய்த வீட்டில் மனைவி ஒருநாள்கூட இடறியதில்லை. அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஓரமெல்லாம் மாத்தித் தரேன்க்கா," என்றாள் டிசைனர்.

"வேணாம்மா. நீ மாத்தி முடிக்கறதுக்குள்ள அதுவும் தெரியாமப் போயிடும். அப்பாவும் பொண்ணும் பார்க்கட்டும், அழகாத்தான் இருக்கும்." பிறகு மனைவி, அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் பொதுவாகச் சொன்னாள். "நீங்க ஏன் முகத்தத் தொங்கப் போட்டுக்கறீங்க? எனக்காகத்தானே செஞ்சீங்க."

"நான் முகத்தத் தொங்கப் போட்டது உனக்கு எப்படித் தெரியும்?"

"பேச்சு நின்னுபோச்சே. விலை சொல்லாம நீங்க எப்ப சும்மா இருந்திருக்கீங்க?"

டிசைனர் சில்லுகளைத் தாளில் சுருட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். கறார் முகத்தை மறைத்துக்கொள்ள ஜன்னல் பக்கம் போய், வெயிலுக்கு முதுகு காட்டித் திரும்பினார்.

"அசையாதீங்க," என்றாள் மனைவி.

"ஏன், கண்ணாடிச் சில்லு கெடக்கா?"

"இல்லீங்க. நீங்க தெரியறீங்க. மத்ததெல்லாம் பால்ல கரைஞ்ச மாதிரி இருக்கு. நீங்க மட்டும் கறுப்பா, நிழல் மாதிரி நிக்கறீங்க. தொப்பைகூடத் தெரியுது."

கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் ஒரு கையை முன்னால் நீட்டி, காலால் தரையைத் துழாவித் துழாவி அவரை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். அவர் கண்ணீர் தாடைவரை வழிந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினால் அந்த உருவம் கலைந்துவிடுமோ என்று பயந்து, கறார் அப்படியே நின்றார்.