காளியப்பனின் நீலத்துண்டு

நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குக் காலை ரயில் விட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது. முதல் நாள் நிற்கக்கூட இடமில்லை. அப்புறம் ஒருநாள் என்ஜின் மக்கர் செய்தது, ஒருநாள் எருமை அடிபட்டது. பாதிக் கூட்டம் பஸ்ஸுக்கே திரும்பிவிட்டது. நானும் காளியப்பனும் விடவில்லை. புதுச்சத்திரத்தில் ஏறுவோம்.

அவன் சேலம் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். நான் இருபது வருசம் போர்வெல் லாரியில் டிரில்லர். இப்போது ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் பார்க்கிறேன், வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு.

"ஏனுங்க சபரிண்ணா, பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிச்சோம். இங்க காலு நீட்டிப் படுக்கலாமாட்ட இருக்குது" என்பான். ஆனாலும் பழக்கம் போகவில்லை. ஏறியதும் ஜன்னல் கம்பியில் தன் நீலத்துண்டைச் செருகி இடம் பிடித்துவிட்டுத்தான் வாசலில் காற்று வாங்கப் போவான். அவன் போட்டிருப்பதும் நீலச்சட்டைதான்.

அன்று என் ஜன்னலுக்கு வெளியே நீலமாக ஏதோ உருண்டு விழுந்தது. வாசலில் நின்ற காளியப்பன்தான் என்றே நினைத்தேன். போர்வெல் போடும் ரிக்கில் சுற்றுகிற ராடில் துணி சிக்கினால் யோசிக்கக் கூடாது. முதலில் நிறுத்து, அப்புறம் பார். ஒருதரம் நான் யோசித்ததில் ஒருவனுக்கு இரண்டு விரல் போனது. எழுந்து சங்கிலியை இழுத்துவிட்டேன்.

ரயில் நின்றது. வாசலிலிருந்து காளியப்பன் ஓடி வந்து, சங்கிலிக்குக் கீழேயே நின்று ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.

"ஐயோ, என்ற துண்டு போச்சே!"

செல்போனிலிருந்து அப்போதுதான் தலை தூக்கிய ஒருவர், "துண்டுக்காவ ரயிலையே நிறுத்திப்போட்டானப்பா!" என்றார். பெட்டியே சிரித்தது. "இவனையெல்லாம் ஏத்துனா ரயிலு எங்க உருப்படும்?" என்றாள் ஒரு அம்மா.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பும் என்று தோன்றியதும் மூடிக்கொண்டேன்.

ரயில் கார்டு வந்தார்.

"சத்தியமா நான் இழுக்கலீங்க. அண்ணனக் கேளுங்க, இங்கயேதான் இருந்தாரு" என்றான் காளியப்பன்.

கார்டு என் சட்டையைப் பார்த்தார். "நீங்க பாத்தீங்களா சார்?"

"கவனிக்கலைங்க" என்றேன்.

அடுத்த ஸ்டேஷனில் அவனை இறக்கிப் போலீசில் விட்டார்கள். சாயங்காலம்தான் வெளியே வந்தானாம். அதற்குள் மண்டியில் அவன் இடத்துக்கு வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தண்டவாளத்தோரமே நடந்து தேடினேன். துண்டு ஒரு வேலிமுள்ளில் கிடந்தது. நடந்ததைச் சொல்லிவிடுவது என்றுதான் அதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

"இதுக்கா இம்புட்டுத் தொலவு நடந்தீங்க?" என்றான். பொண்டாட்டியைக் கூப்பிட்டான். "செல்லி, அண்ணனுக்குக் காப்பி வை. மனுசன்னா இவருதான்."

"காளியப்பா, அன்னிக்கு நான்..."

"அட, உடுங்கண்ணா. பாக்காததப் பாத்தேன்னு எப்படிச் சொல்லுவீங்க? பொய்ச்சாட்சி சொல்ற ஆளா நீங்க?"

செல்லியம்மாள் டம்ளரை என் கையில் கொடுத்தாள். "மாமா வேற மண்டியில வேல கேட்டிருக்குதுங்க. கெடச்சா இனி பஸ்ஸுதானாமா. அந்த ரயிலே ஆகாதுங்குது."

"பின்ன? எவனோ இழுப்பான், என்னையப் புடிப்பாங்க" என்று காளியப்பன் சிரித்தான்.

நானும் சிரித்தேன். காப்பியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, "வாரேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.