ஏழாவது கால்

நாற்பது வருஷம் பூச்சி மருந்து அடித்துப் பிழைத்தவன் நான். ஹோட்டல் சமையலறை, தானியக் கிடங்கு, ஆஸ்பத்திரி வார்டு என்று எங்கே கூப்பிட்டாலும் மருந்து டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு போவேன். எனக்குப் போய், பூச்சியைப் படம் பிடிக்கிறவன் மாப்பிள்ளையாக வாய்த்தான். மகள் தானே தேடிக்கொண்டது. என்னைத் தேடச் சொல்லியிருந்தால் நல்ல பிளம்பராகப் பார்த்திருப்பேன். குழாயாவது ஒழுகாமல் இருந்திருக்கும்.

நேரில் அவனுக்கு ‘வாங்க, போங்க’தான். மரியாதை ஒரு பிடி குறைந்தாலும் மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவர்கள் வீட்டில் இருந்துகொண்டு அதற்கெல்லாம் இடம் கொடுக்க முடியாது. இந்தக் கதையில் ‘அவன்’ போதும்.

கல்யாணங்களுக்குப் படம் எடுத்து ஒழுங்காகச் சம்பாதித்துக்கொண்டிருந்தான். அதை விட்டுவிட்டு விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் போய்ச் சேர்ந்தான். பயிருக்கு நல்லது செய்கிற பூச்சிகளைப் பற்றி அவர்கள் ஒரு கையேடு போடுகிறார்கள். அதற்குப் படம் எடுக்கும் வேலை. இப்போதைக்குத் தற்காலிகம், கையேடு நன்றாக வந்தால் நிரந்தரம். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பூச்சி உயிரோடு, அது இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். செத்ததைப் புல்லில் ஒட்டிவைத்து எடுத்தது தெரிந்தால் வேலை போகும். போவது மட்டுமா, மோசடிக்காரன் என்று எழுதியும் வைப்பார்கள். அப்புறம் கல்யாண வீட்டுக்காரன்கூடக் கூப்பிட மாட்டான்.

விடியற்காலையில் போக வேண்டும். குளிரில் பூச்சி விறைத்துப் போயிருக்கும், வெயில் ஏறினால் பறந்துவிடும். வெள்ளைத் துணிக் குடை ஒன்றைப் பிடித்துக் காற்றை மறைக்க ஆள் வேண்டும் என்றான். மகள் என்னைப் பார்த்தாள். “சும்மாதானப்பா இருக்கீங்க.”

அன்றைக்கு நிலையத்தின் சோதனை வயலில், வரப்புப் புல்லில் ஒரு குளவி உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் பனித்துளி. அவன் ஈரமண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டான். இந்த வேலையின் லட்சணத்தைச் சொல்கிறேன். ஒரு தடவை அழுத்தினால் குளவியின் முன்கால் மட்டும் தெளிவாக விழும். அடுத்ததில் கண். அதற்கடுத்ததில் கழுத்து. ஒரு திருகாணியைத் திருகிக் கேமராவை நூலளவு நூலளவாக நகர்த்தி ஐம்பது படம் எடுத்து, தெளிவான பாகங்களை மட்டும் கம்ப்யூட்டரில் ஒன்றாக ஒட்டுவான். அதுவரைக்கும் குளவி அசையக்கூடாது.

“மாமா, குடைய இன்னும் கொஞ்சம் கீழ.”

“போதுங்களா?”

“மூச்சு படுது மாமா.”

“வேணும்னா நிறுத்திடவா? ஒரேயடியா?”

“ஐயோ பேசாதீங்க, புல்லு ஆடுது. என்ன நடந்தாலும் வாயத் தொறக்காதீங்க.”

சரி என்று இருந்தேன். முப்பது படம் ஆகியிருக்கும். குளவி வலது முன்காலைத் தூக்கியது. மீசையை இரண்டு தடவை வழித்துத் துடைத்தது. காலைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டது. அவன் கண் திருகாணியில் இருந்தது. வாயைத் திறக்காதே என்று உத்தரவு. நான் திறக்கவில்லை.

மூன்று நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒட்டினான். நிலையத்தில் எல்லாரும் அசந்துபோனார்களாம். மகள் அதை ஜன்னல் அகலத்துக்குப் பெரிசாக்கிக் கூடத்தில் மாட்டினாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனேன். எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். புல்லைப் பிடித்தபடி ஒரு முன்கால். அதே கால் மீசைக்குப் பக்கத்திலும் மெலிசாக, புகை மாதிரி. எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழேதான்.

“என்னப்பா, அப்படி மெய்மறந்து பாக்கறீங்க?”

“நல்லாத்தான் இருக்கு.”

“உங்க வாயிலேருந்தா! இருங்க, தேதி குறிச்சு வெச்சுக்கறேன்.”

சொல்லவில்லை. புத்தகம் அச்சாகி வரட்டும், உலகமே எண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் வயசான காலத்தில் ஒரு சந்தோஷம் வேண்டாமா?

பத்தாம் நாள் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. படத்தின் மேல் புகார், விசாரணைக்கு வரவும். புகார் கொடுத்தவர் அங்கேயே பூச்சி சேகரிப்பைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. நான் அவருக்கு வைத்த பெயர் குண்டூசி. அவர் அறையில் சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள், பெட்டி முழுக்க ஊசியில் குத்திய பூச்சிகள். நானாவது தொழிலுக்குக் கொன்றேன். இந்த ஆள் அழகு பார்க்கக் கொன்றவர். அவருக்கு இப்போது உயிரின் மேல் கரிசனம் வந்துவிட்டது.

நானும் மாப்பிள்ளையோடு போனேன். நிலையத்தின் தலைவி அம்மா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஜக்கை ஒரு கோப்பால் மூடி வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் படம்.

“மேடம், உயிருள்ள குளவி அம்பது படத்துக்கு அசையாம போஸ் குடுக்குமா?” என்றார் குண்டூசி. “செத்தத ஒட்டி வெச்சிருக்காரு. இல்லன்னா தனித்தனிப் படங்களக் காட்டட்டும்.”

“அழிச்சிட்டேன் சார்” என்றான் மாப்பிள்ளை. “கார்டுல இடம் இல்ல.”

“வசதியாப் போச்சு!”

அவன் என் பக்கம் கையைக் காட்டினான். “கூட மாமா இருந்தாரு சார். குடை பிடிச்சாரு” என்றான்.

குண்டூசி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மாமனாரா? அவரு வேற எப்படிச் சொல்லுவாரு?”

“சார், நான் இவருக்குப் பரிஞ்சு பேசுவேன்னு நெனச்சீங்கன்னா, எங்க வீட்டுப் பக்கம் யாரையாவது கேட்டுப் பாருங்க.”

தலைவி அம்மா பேனாவை எடுத்துவிட்டார். எழுதப்போகிறார் என்று தெரிந்தது. மாப்பிள்ளையை நான் முட்டாள் என்பேன், தண்டம் என்பேன், இன்னும் என்னென்னவோ என்பேன். மோசடிக்காரன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். மோசடிக்குக் கொஞ்சமாவது சாமர்த்தியம் வேண்டும். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறவனுக்கு அதெல்லாம் எட்டுமா? அதுவும், சுவரெல்லாம் பிணத்தை மாட்டி வைத்திருக்கிற ஒருவர் அந்தப் பெயரை வைப்பதை நான் பார்த்துக்கொண்டு நிற்பதா?

“அம்மா, எழுதறதுக்கு முன்னால கால எண்ணிடுங்க” என்றேன்.

“எந்தக் கால?”

“குளவி கால.”

பேனா முனையால் எண்ணினார். ஐந்து, ஆறு என்று வந்தவர் மீசைக்குப் பக்கத்தில் நின்றார். “ஏழு?”

குண்டூசி பூதக்கண்ணாடியோடு பாய்ந்தார். எண்ணியதும் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா மேடம்! படமே போலி!”

“சார், பொணம் மூஞ்சி தொடைக்குமா?”

அவர் பூதக்கண்ணாடியை இறக்கினார்.

“புல்லப் பிடிச்சிருக்கிற காலும் இந்தக் காலும் ஒண்ணுதான். பாதி படம் எடுக்கறப்ப தூக்கி மீசையத் தொடச்சுது. நான் பாத்தேன். ரெண்டு எடத்துல இருந்தத ரெண்டையும் சேத்து ஒட்டிட்டாரு இந்தப் புத்திசாலி. நான் கொன்ன குளவிக்குக் கணக்கே இல்ல சார். அதுல ஒண்ணாவது அப்புறம் எழுந்து மூஞ்சி தொடச்சு நான் பாத்ததில்ல. உங்க பொட்டியில இருக்கறதுங்க தொடைக்குதா?”

தலைவி அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். “இத எப்பக் கவனிச்சீங்க?”

“வீட்டுல மாட்டுன அன்னிக்கே. பத்து நாள் ஆச்சு.”

“ஏன் சொல்லல?”

“வாயத் தொறக்காதீங்கன்னு உத்தரவும்மா.”

அவர் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குளவி உயிரோடுதான் இருந்தது, மோசடி இல்லை என்று எழுதினார்கள். ஏழு கால் குளவியைக் கையேட்டில் போட முடியாது, ஒரு வாரத்துக்குள் வேறு படம் வேண்டும், இனிமேல் தனித்தனிப் படங்களை அழிக்கக்கூடாது என்றும் எழுதினார்கள். வேலை தப்பியது. குண்டூசி பெட்டிகளைத் துடைக்கப் போய்விட்டார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“பத்து நாளாத் தெரியுமா மாமா?”

“தெரியுங்க.”

“புத்தகம் அச்சாகியிருந்தா?”

“சிரிச்சிருப்பேன்.”

சண்டைக்கு வருவான் என்று பார்த்தேன். “நல்லவேளை மாமா. அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தக் கால அழிச்சுச் சரி பண்ணியிருப்பேன். இன்னிக்குக் காட்ட ஒண்ணும் இருந்திருக்காது” என்றான். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றி சொல்கிறான். இந்த மாதிரி ஆளை என்ன சொல்லித் திட்டுவது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மகள் அவ்வளவு லேசில் விடவில்லை. “பத்து நாளா வயித்துக்குள்ளயே வெச்சிருந்தீங்களா? செரிச்சுதா?” என்று தட்டை ணங்கென்று வைத்தாள். ஆனால் அவள்தான் மறுநாள் விடியுமுன் என்னை உலுக்கி எழுப்பிக் குடையைக் கையில் கொடுத்தாள்.

இப்போது எனக்குப் பதவி உயர்வு. கால் அசைந்தால் மட்டும் வாயைத் திறக்கலாம். அசைந்தது, சொன்னேன். அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான். மறுபடி அசைந்தது, மறுபடி சொன்னேன். நாலாவது நாள்தான் ஆறு காலோடு ஒரு குளவி தேறியது. கையேட்டில் அதுதான் வந்திருக்கிறது. பார்க்கச் சகிக்காது.

பழைய படத்தைக் கழற்றச் சொன்னேன். மகள் கேட்கவில்லை, அது வேலையைக் காப்பாற்றிய படமாம். கூடத்தில் அப்படியே தொங்குகிறது. அவனோடு வேலை பார்க்கிறவர்கள் வருகிறார்கள், நிலையத்து அதிகாரிகள் வருகிறார்கள், கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சில நிபுணர்களும் வருகிறார்கள். படத்துக்கு முன்னால் நின்று, ஆகா, என்ன நுணுக்கம் என்கிறார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூட எண்ணவில்லை.